மழையே இல்ல, ஆனா ஆத்துல தண்ணி ஏறுது... அணைக்கு டூர் போறவங்க கவனிக்க வேண்டியது என்ன?

2014 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஹிமாச்சலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில் தலோட் என்ற இடம். ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியியல் கல்லூரி மாணவர்கள் மணாலிக்குப் போகும் வழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, பக்கத்தில் ஓடிய பியாஸ் ஆற்றுக்குள் இறங்கினார்கள். ஆற்றில் தண்ணீர் குறைவு. பெரிய பெரிய பாறைகள் வெளியே தெரிந்தன. அதில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. பாறைக்கும் கரைக்கும் நடுவே இருந்த வழி மறைந்தது. 24 மாணவர்கள், அவர்களுடன் வந்த சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவர் என 25 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். உடல்களைத் தேடும் பணி வாரக்கணக்கில் நடந்தது. பாறை மேல் அவர்கள் கொத்தாக நின்ற அந்த வீடியோவை அப்போது டிவியில் பார்த்தவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும்.

அந்த இடத்துக்கு மேல்பக்கம் இருப்பது லார்ஜி நீர்மின் திட்டம். 126 மெகாவாட். அன்று மாலை அங்கே மின் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. உற்பத்தி குறைந்தால் டர்பைன் வழியாகப் போக வேண்டிய தண்ணீர் தேங்கும். அதை வெளியேற்ற மதகைத் திறந்தார்கள். கீழே நின்றவர்களுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

நீர்மின் நிலையம் இருக்கிற அணைக்குக் கீழே ஓடும் ஆறு, மற்ற ஆறு மாதிரி கிடையாது. வானத்தைப் பார்த்து, "மழை இல்லையே, பயமில்ல"னு நாம போடுற கணக்கு அங்கே செல்லாது.

கரன்ட்டுக்கும் ஆத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிலக்கரி அனல்மின் நிலையத்தை நிறுத்தி வைத்தால் மறுபடி முழு உற்பத்திக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். பாய்லர் சூடாகணும், நீராவி அழுத்தம் ஏறணும். நீர்மின் நிலையத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. வால்வைத் திறந்தால் தண்ணீர் டர்பைனைச் சுற்றும், சில நிமிடங்களில் கரன்ட் வந்துவிடும். அதனால்தான் மின்வாரியங்கள் நீர்மின்சாரத்தைக் கையிருப்பு மாதிரி வைத்துக்கொள்கின்றன. சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு வீட்டுக்கு வீடு லைட்டும் ஃபேனும் ஏசியும் ஓட ஆரம்பிக்கும்போது, அதே நேரத்தில் சோலார் உற்பத்தியும் படுத்துவிடும். காற்றாலை திடீரென்று குறையும் நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் கை போவது நீர்மின் நிலையத்துக்குத்தான். நீலகிரியில் குந்தா, பைக்காரா மின் நிலையங்களுக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது.

இதைத் திருப்பிப் பாருங்கள். தேவை கூடினால் தண்ணீர் திறப்பு கூடும், தேவை குறைந்தால் மூடப்படும். மின் கட்டமைப்பில் எங்கோ கோளாறு வந்து டர்பைன் ஒன்று ‘டிரிப்’ ஆனால், அது வழியாகப் போன தண்ணீரை வேறு வழியில் விட வேண்டியிருக்கும். இந்த முடிவுகள் எல்லாம் எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் எடுக்கப்படுபவை. ஆற்றில் கால் நனைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதில் தெரிவது கடைசிக் காட்சி மட்டும்தான்: தண்ணீர் ஏறுகிறது.

சரி, மேட்டூரில் என்ன நிலை?

சேலம், ஈரோடு, நாமக்கல், தர்மபுரி பக்கம் இருப்பவர்களுக்கு மேட்டூர் ஒரு நாள் டூர். பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள் லாங் வீக்கெண்டில் ஒகேனக்கல்லையும் சேர்த்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். 1925-ல் கட்டத் தொடங்கி 1934-ல் முடிந்த அணை. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் பெயரால் நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி என்று பெயர். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

இங்கே மின்சாரத்துக்கென்று மட்டும் தண்ணீர் திறப்பதில்லை. டெல்டா பாசனத்துக்கும் குடிநீருக்கும் திறக்கும் தண்ணீர்தான் போகிற வழியில் மின்சாரமும் தயாரித்துவிட்டுப் போகிறது. அணை மின் நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின் நிலையம் 200 மெகாவாட். இந்த இரண்டின் வழியாகவும் சேர்த்து நொடிக்கு 20 ஆயிரம் கன அடிக்குக் கொஞ்சம் மேல் விடலாம். அதற்கு மேல் தண்ணீர் வந்து, அணையும் நிரம்பியிருந்தால், உபரி நீர் 16 கண் மதகு வழியாகப் போகும்.

நம்ம ஊர் செய்தியில் தினமும் வரும் அந்த வரியை ஸ்க்ரோல் பண்ணித் தள்ளிவிடுவோம்: நீர்மட்டம் இவ்வளவு அடி, நீர்வரத்து இவ்வளவு, நீர் திறப்பு இவ்வளவு கன அடி. டூர் கிளம்பும் நாளில் மட்டுமாவது அதை நின்று படியுங்கள். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். செய்தியில் சொல்வது ஒரு நொடிக்கான கணக்கு. 10 ஆயிரம் கன அடி என்றால் ஒவ்வொரு நொடியும் 2.83 லட்சம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரி 23-ஐ ஒரே நொடியில் கவிழ்த்தது போல. அடுத்த நொடி இன்னொரு 23 லாரி. 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் மேட்டூரில் வெளியேற்றம் ஒன்றரை லட்சம் கன அடியைத் தாண்டியது. லாரிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

செய்தியில் "நீர் திறப்பு அதிகரிக்க வாய்ப்பு" என்ற வார்த்தை இருந்தால், அல்லது 16 கண் மதகு பற்றிப் பேச்சு இருந்தால், அன்றைக்கு ஆற்றுக்குள் இறங்கும் திட்டத்தைக் கைவிடலாம். அணையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மதகு திறந்திருக்கும் நாளில் மேட்டூர் உண்மையிலேயே பார்க்க வேண்டிய காட்சிதான். பாலத்திலிருந்தோ, அனுமதித்த இடத்திலிருந்தோ பாருங்கள்.

காய்ந்து கிடக்கும் பாறையில் ஏறலாமா?

16 கண் மதகுக்குக் கீழே இருக்கும் உபரி நீர்ப் போக்கு, வருஷத்தில் பல மாதம் வெறும் பாறையும் குட்டையுமாகக் கிடக்கும். குட்டையில் மீன் இருக்கும். பேக்கிரவுண்டில் பிரம்மாண்டமான மதகு வரிசை. ரீல்ஸுக்கு இதைவிட என்ன வேண்டும்?

2024-ல் அணை நிரம்பி மதகைத் திறந்தபோது, அந்தப் பாதையின் நடுவே மேடான பாறையில் சில நாய்கள் சிக்கிக்கொண்டன. சுற்றிலும் வெள்ளம். ஆள் போக முடியவில்லை. டிரோனில் சாப்பாடு கட்டி அனுப்பினார்கள். இணையத்தில் எல்லோரும் நெகிழ்ந்து ஷேர் செய்த செய்தி. ஆனால் அதில் இன்னொரு தகவலும் இருந்தது. அந்த இடத்திலேயே சுற்றித் திரியும், மனிதனைவிடக் கூர்மையான காதுள்ள விலங்குகளாலேயே நேரத்துக்கு வெளியே வர முடியவில்லை.

மேட்டூரில் உபரி நீர் திறக்கும் முன் அபாயச் சங்கு ஒலிப்பது வழக்கம். கரையோர ஊர்களில் ஒலிபெருக்கியிலும் தண்டோராவிலும் சொல்வார்கள். அது உள்ளூர்க்காரர்களுக்குப் பழக்கமான சத்தம். வெளியூரிலிருந்து போகும் நமக்கு ஏதோ ஃபேக்டரி ஷிஃப்ட் மாறுகிறது என்றுதான் தோன்றும். அதனால் இதை மனப்பாடம் செய்துவிடலாம்: அணைக்குப் பக்கத்தில் எந்தச் சங்கு, எந்த சைரன் கேட்டாலும், அர்த்தம் என்னவென்று யோசிக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். செருப்பு, பேக், பாதி சாப்பிட்ட பிரியாணி எல்லாம் அங்கேயே இருக்கட்டும்.

சங்கு கேட்காத தூரத்தில் இருந்தால்? ஆறே சில அறிகுறிகளைக் காட்டும். தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கும். காய்ந்த இலை, குச்சி, நுரை மிதந்து வரும். சற்றுமுன் வெளியே தெரிந்த சின்னக் கல் காணாமல் போகும். சத்தம் மாறும். இதில் ஏதாவது ஒன்று போதும், வெளியே வருவதற்கு. இன்னொன்று, இறங்குவதற்கு முன்பே பார்க்கக்கூடியது. சுற்றியுள்ள பாறையிலும் பாலத்தூணிலும் ஒரு கறைக் கோடு இருக்கும். கோட்டுக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். தண்ணீர் வழக்கமாக எதுவரை ஏறும் என்பதற்கான அடையாளம் அது. அந்தக் கோடு உங்கள் தலைக்கு மேலே இருந்தால், நீங்கள் நிற்பது கரை இல்லை, ஆற்றின் நடு.

மேட்டூருக்குக் கீழே ஏழு கதவணை

பலருக்குத் தெரியாத பகுதி இது. மேட்டூரில் மின்சாரம் தயாரித்துவிட்டு வெளியே வரும் காவிரி, ஈரோடு மாவட்டத்தைத் தாண்டுவதற்குள் இன்னும் ஏழு இடங்களில் தடுக்கப்பட்டு மின்சாரம் தயாரிக்கிறது. செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று தொடங்கி, பவானிக்குக் கீழே மூன்று. ஒவ்வொன்றும் 30 மெகாவாட். உயரமான அணைகள் இல்லை, ஆற்றின் குறுக்கே வரிசையாக ஷட்டர் வைத்த கதவணைகள். பாலத்தில் பைக் ஓட்டிப்போகும்போது இது மின் நிலையம் என்றே தோன்றாது.

ஒரு கதவணைக்கும் அடுத்த கதவணைக்கும் நடுவே காவிரி ஏரி மாதிரி தேங்கி நிற்கும். அப்படித் தேங்கிய தண்ணீரால் ஃபேமஸான ஊர்தான் பூலாம்பட்டி. தென்னை, படகு, அகலமான தண்ணீர் என்று ‘குட்டி கேரளா’ பட்டம் வாங்கிய ஊர். இங்கிருந்து அக்கரையில் நெருஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு ஓடுகிறது. உள்ளூர் மக்களுக்கு அது பஸ் மாதிரி, தினசரிப் போக்குவரத்து. நமக்கு போட்டிங். படகில் லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் மடியில் வைத்துக்கொண்டு உட்காராமல் போட்டுக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் கேளுங்கள். ஏறுபவர்கள் எல்லோரும் கேட்க ஆரம்பித்தால் அது தானாக வழக்கமாகிவிடும். மேட்டூரில் நீர் திறப்பு கூடும் நாட்களில் படகு நிற்கும். கதவணையைப் பராமரிப்புக்காகக் காலி செய்யும்போதும் நிற்கும். முதல்நாள் போன் போட்டு விசாரித்துவிட்டுக் கிளம்பினால் ஏமாற்றம் இருக்காது.

கதவணையின் மேல்பக்கம் தண்ணீர் அசையாமல் கிடக்கும். கீழ்பக்கம் ஆழம் குறைந்து, மணல்திட்டும் பாறையுமாக இருக்கும். ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு, கீழ்பக்கம் அதிகம். மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்குப் போய்ச் சேர மூன்று நாள் ஆகும். நடுவில் இருக்கும் இந்த ஊர்களுக்கு அது சங்கு ஊதிய பல மணி நேரம் கழித்து, சத்தமில்லாமல் வரும். தேங்கி நிற்கும் தண்ணீரின் மட்டம் கூடாமலிருக்க, கதவணைகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஷட்டரைத் தூக்குவார்கள். காலையில் முட்டியளவு இருந்த இடத்துக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மறுபடி வந்து, "காலைலதானே குளிச்சோம்"னு இறங்குவதுதான் சிக்கல்.

முட்டியளவுத் தண்ணீரில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஒரு கனமீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். வேகம் இரண்டு மடங்கானால் அது உங்கள் கால் மேல் தரும் தள்ளுவிசை நான்கு மடங்காகும். வேகமாக ஓடினால் கணுக்கால் அளவுத் தண்ணீரே பெரியவர்களைச் சாய்த்துவிடும். இரண்டடி ஓடும் தண்ணீர் காரையே நகர்த்தும்.

ஷட்டருக்குக் கீழே நுரை அழகா இருக்கே...

தண்ணீர் ஷட்டரைத் தாண்டி விழும் இடத்துக்குக் கீழே வெள்ளை நுரையாகச் சுழலும். தூரத்திலிருந்து பார்த்தால் சின்ன அருவி. நல்ல நீச்சல்காரர்களையும் விழுங்கும் இடம் அது. மேலிருந்து விழும் தண்ணீர் அடிக்குப் போய், மேலெழுந்து, திரும்பவும் விழும் இடத்தை நோக்கியே இழுக்கும். உருளை மாதிரி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் மாட்டியவரை மேலே தூக்கி, அணைச்சுவர் பக்கம் இழுத்து, மறுபடி கீழே அமுக்கும். நுரையில் பாதி காற்று என்பதால் உடம்பு மிதக்காது, கையால் துழாவினாலும் பிடிமானம் கிடைக்காது. லைஃப் ஜாக்கெட்கூட அங்கே முழுசாகக் கைகொடுக்காது. வெளிநாட்டு மீட்புப் படையினர் இதற்கு ‘மூழ்கடிக்கும் இயந்திரம்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நீச்சல் தெரியும் என்ற தைரியத்துக்கு இங்கே மதிப்பில்லை.

அணைக்கு மேல்பக்கம், அதாவது நீர்த்தேக்கத்தில், வேறு வகைச் சிக்கல். மின் நிலையத்துக்குத் தண்ணீர் உறிஞ்சும் வாய் தண்ணீருக்கு அடியில் இருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் அந்தப் பகுதிக்குப் பக்கத்தில் யாரையும் விடுவதில்லை. கரையோரமும் சமமாக இருக்காது. ஏறி இறங்கிய தண்ணீர் விட்டுவைத்த வண்டல், மேலே காய்ந்து வெடித்திருக்கும், கால் வைத்தால் உள்ளே சேறு. மூழ்குவதற்கு முன் அது ஊர், வயல். வயலில் கிணறு இருந்திருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோகிறவர் அடுத்த அடியில் காணாமல் போவதற்கு இதெல்லாம் காரணம்.

ஸ்பீக்கர், டிரோன், பாட்டில்

ஆற்றங்கரையில் புளூடூத் ஸ்பீக்கர் வைத்துக் குத்துப்பாட்டு போடுவது மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று சொன்னால், "இவன் யாருடா அங்கிள்"னு கேட்பீர்கள். சரி, அதை விடுங்கள். சங்கு சத்தம் உங்களுக்கே கேட்காது. அந்த ஒரு காரணம் போதும்.

மது குடித்துவிட்டு இறங்குவதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாட்டிலைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. ஆற்று மணலில் உடைந்து கிடக்கும் கண்ணாடியில் கால் கிழிபடுவது பெரும்பாலும் டூரிஸ்ட் இல்லை. நாம் ஷூ போட்டிருப்போம். வலை இழுக்கும் மீனவர்களும், துணி துவைக்க வரும் பெண்களும், மாடு குளிப்பாட்டும் பிள்ளைகளும்தான் வெறுங்காலில் அங்கே நடக்கிறார்கள்.

அணை, மின் நிலையம் எல்லாம் பாதுகாக்கப்பட்ட இடங்கள். போட்டோ எடுக்கக்கூடாது என்று பலகை இருந்தால் எடுக்கக்கூடாது, அவ்வளவுதான். டிரோன் பறக்கவிட முன் அனுமதி வேண்டும். 2021 டிரோன் விதிகளின்படி வான்பகுதி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கப்பட்டிருக்கிறது, டிஜிட்டல் ஸ்கை தளத்தில் மேப் இருக்கிறது. மேப்பில் பச்சையாகக் காட்டினாலும் அணை நிர்வாகம் மறுத்தால் மறுத்ததுதான். கேட்டில் நிற்கும் காவலாளியிடம், "அண்ணே, ஒரே ஒரு ஷாட்"னு கெஞ்சுவதும், கிடைக்காதபோது அவரை வைத்தே வீடியோ போட்டு வைரல் ஆக்குவதும் இப்போது ஒரு ட்ரெண்ட். அவர் சட்டம் போட்டவர் இல்லை. உங்களை உள்ளே விட்டு ஏதாவது ஆனால் முதலில் போவது அவர் வேலை.

யாருடைய ஊர் இது?

மேட்டூருக்கு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி டூரிஸ்ட் இல்லை, பக்தர்கள். அணைக்கட்டு முனியப்பன் கோயிலில் ஆடு, கோழி வெட்டிப் பொங்கல் வைத்து, உறவோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிறவர்கள். ஆடி 18-க்குக் காவிரியில் முழுகி, புதுமணத் தம்பதிகள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளும் நாளில் இடம் திருவிழாவாகிவிடும். குளிக்கிறவர்களையும் சடங்கு செய்கிறவர்களையும் கேட்காமல் வீடியோ எடுப்பது அநாகரிகம். குறிப்பாகப் பெண்கள் குளிக்கும் படித்துறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். அந்த நாட்களில் எங்கே இறங்கலாம் என்று நிர்வாகம் இடம் ஒதுக்கி, தீயணைப்பு வீரர்களை நிறுத்தும். வெள்ளம் அதிகமிருந்த வருஷங்களில் பவானி கூடுதுறையில் ஷவர் வைத்துக் குளிக்கச் சொன்னார்கள். "ஷவர்ல குளிக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்"னு முணுமுணுத்துவிட்டுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் உண்டு. காவிரித் தண்ணீர்தான் அந்த ஷவரிலும் வருகிறது.

நீர்மட்டம் நன்றாக இறங்கும் கோடையில் கூட்டம் பண்ணவாடிப் பக்கம் திரும்பும். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம், ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும், தண்ணீருக்கு வெளியே தலைகாட்டும். ஒவ்வொரு முறையும் இது வைரல் செய்தி. எங்களை மாதிரி டிஜிட்டல் டெஸ்க்குகளும் விடாமல் போடுவோம். பார்ப்பவர்களுக்கு அது ‘மூழ்கிய மர்மக் கோயில்’. அந்த ஊர்களிலிருந்து மேட்டுக்குக் குடிபெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது தாத்தா கும்பிட்ட சாமி. நந்தி மேல் ஏறி உட்கார்ந்து போஸ் கொடுப்பதையும், சுவரில் பெயர் கிறுக்குவதையும் அவர்கள் கரையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தண்ணீர் வற்றிய இடத்தில் பயிர் வைத்திருப்பார்கள். காலியிடம் என்று நினைத்து அதன் மேல் காரை ஓட்டிவிடாதீர்கள். பரிசலில் போனால் பரிசல்காரர் சொல்லும் இடத்தில் உட்காருங்கள், நடுவில் எழுந்து நின்று செல்ஃபி வேண்டாம். அந்தத் தண்ணீர் அவருக்கு வயலும் ரோடும்.

நீலகிரிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பைக்காராவில் 1930-களின் தொடக்கத்திலேயே மின் உற்பத்தி ஆரம்பமாகிவிட்டது. இன்று அங்கே படகு இல்லம், நீர்வீழ்ச்சி, சாக்லேட் கடை. ஆனால் அந்த ஆறு தோடர் மக்களுக்குப் புனிதமானது, மின் நிலையமும் போட் ஹவுஸும் வருவதற்கு ரொம்ப முன்பிருந்தே. பாறை வழுக்கும், தண்ணீரின் குளிர் மூச்சை அடைக்கும், அனுமதித்த இடம் தாண்டி இறங்க வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டத்திலேயே தடை. ஊட்டிக்கு வெளியூர் வண்டியில் போக 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும்.

எல்லாம் நம்ம தப்பு மட்டும்தானா?

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும், "எச்சரிக்கையை மீறி இறங்கினார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவது சுலபம். பியாஸ் வழக்கில் ஹிமாச்சல் உயர் நீதிமன்றம் அப்படி முடிக்கவில்லை. இறந்த ஒவ்வொரு மாணவரின் பெற்றோருக்கும் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தர 2016 ஜனவரியில் உத்தரவிட்டது. அந்தத் தொகையை மாநில மின்வாரியம், கல்லூரி, மாநில அரசு மூன்றும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றது. பெரும்பங்கு மின்வாரியத்தின் தலையில். ஆற்றில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் தண்ணீர் திறந்தவர்களுக்கும், பிள்ளைகளை அழைத்துப்போனவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்பதுதான் இதன் பொருள்.

2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், நீர்வரத்தைக் கணிக்கும் ஏற்பாடு, வெள்ள எச்சரிக்கை அமைப்பு, அவசரகாலச் செயல்திட்டம் ஆகியவற்றை அணை உரிமையாளரின் கடமையாக்கியிருக்கிறது. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆற்றங்கரையில் பெயின்ட் உதிர்ந்த பலகை, அதுவும் தமிழில் மட்டும், ஆபத்தான இடத்திலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி. கர்நாடகாவிலிருந்து வரும் குடும்பத்துக்கும், வேலைக்கு வந்து ஞாயிறு லீவில் குளிக்க வரும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் அது வெறும் பலகை. கன்னடத்திலும் இந்தியிலும் நான்கு வார்த்தை, ஒரு படம், தண்ணீர் எந்த நேரமும் உயரும் என்பதைக் காட்டும் அளவுகோல். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

யாராவது மாட்டிக்கிட்டா?

கூட்டாக மூழ்கும் விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கதை ஒன்றுதான். ஒருவர் வழுக்குகிறார், தம்பி குதிக்கிறான், அவனைப் பிடிக்க மாமா குதிக்கிறார். முதலில் விழுந்தவரைவிடக் காப்பாற்றப் போனவர்கள் அதிகம் இறந்த சம்பவங்கள் உண்டு. குதிக்காதீர்கள். கரையில் படுத்துக்கொண்டு துப்பட்டா, வேட்டி, கயிறு, நீளமான கொம்பு எதையாவது நீட்டுங்கள். எட்டாத தூரம் என்றால் மூடி இறுக்கிய காலி தண்ணீர் கேனை வீசுங்கள். 20 லிட்டர் கேன் ஒரு ஆளைத் தாராளமாக மிதக்க வைக்கும். பக்கத்தில் மீனவர்களோ பரிசல்காரர்களோ இருந்தால் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள்.

நீங்களே இழுத்துச் செல்லப்பட்டால் எதிர்நீச்சல் வேண்டாம், ஐந்து நிமிஷத்தில் பலம் போய்விடும். மல்லாந்து, கால் முன்னால் போகும்படி மிதந்து, கரையைப் பார்த்துக் கோணலாக நகருங்கள். வேகமான தண்ணீரில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் மாட்டும். நடுப்பாறையில் சிக்கி, சுற்றிலும் தண்ணீர் ஏறிவிட்டது என்றால் இருப்பதிலேயே உயரமான இடத்துக்குப் போய், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, உதவி வரும்வரை அங்கேயே இருங்கள்.

கூப்பிட வேண்டிய எண் 112. ஆம்புலன்ஸ் 108. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. இதில் 1077-ஐ அழைத்தால் அணையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்குத் தகவல் சீக்கிரம் போகும், திறப்பைக் குறைக்க முடியுமா என்று அவர்கள் பார்ப்பார்கள். பேசும்போது "ஆத்துல மாட்டிக்கிட்டாங்க" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தக் கதவணை, அதற்கு மேல்பக்கமா கீழ்பக்கமா, எந்தக் கரை, பக்கத்தில் என்ன கோயில் அல்லது பாலம், எத்தனை பேர் என்று சொல்லுங்கள். லொகேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்ப நினைப்பவர்கள் கவனிக்க: மலை அணைகள் பலவற்றில் சிக்னலே இருக்காது. வண்டியை நிறுத்தும் இடத்தில் கடைசியாக எங்கே டவர் கிடைத்தது என்று யாராவது ஒருவர் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.